விசாரணைக்கு என்று கூட்டிப்போனால்: முதல் 24 மணி நேரக் கையேடு

"ஸ்டேஷன் வரைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க, சின்ன விசாரணைதான்." தமிழ்நாட்டில் சட்டவிரோதக் காவல் பலவும் இந்த ஒரு வரியில்தான் தொடங்குகின்றன. கேட்டவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மறுநாள் மாலை வரை ஆள் திரும்பவில்லை என்றால், "எத்தனை மணிக்குப் பிடித்தார்கள்?" என்ற கேள்விக்கு நிலையத்தில் ஒரு பதில் இருக்கும், வீட்டில் வேறு பதில் இருக்கும். எந்தப் பதிலுக்கு எழுத்தில் ஆதாரம் இருக்கிறதோ அதுதான் நீதிமன்றத்தில் நிற்கும்.

அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் கூறு சொல்வது இதுதான். கைதானவருக்கு ஏன் கைது செய்தார்கள் என்று சொல்லியாக வேண்டும். தனக்குப் பிடித்த வக்கீலைக் கலந்துகொள்ள விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலிருக்கும் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். கைதான இடத்திலிருந்து நீதிமன்றம் போய்ச்சேரும் பயண நேரத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். ஞாயிறு, பொங்கல் விடுமுறை எதற்கும் விலக்கு கிடையாது. விடுமுறை நாளில் நடுவரின் குடியிருப்புக்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள். பிடிபட்டவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கொலை வழக்கில் சிக்கியவருக்கும் இதே கூறுதான்.

இந்தக் கூறுக்கு நடைமுறை விதிகளைத் தருவது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பிஎன்எஸ்எஸ், அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த புதிய சட்டம். பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. நிலையத்தில் போய் "41-ஏ நோட்டீஸ் (கைது செய்யாமல், விசாரணைக்கு நேரில் வரச்சொல்லும் அறிவிப்பு) கொடுத்தீங்களா?" என்று கேட்டால் அது பழைய எண், இப்போது 35(3).

வாசலில் நிற்கும்போதே

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "சாட்சியா கூப்பிடுறீங்களா, சார், இல்ல இவர் பேர்ல கேஸ் இருக்கா?" இதைக் குரல் உயர்த்தாமல் கேட்கலாம். பதிலைப் பொறுத்து அடுத்த படி மாறும்.

சாட்சி என்றால், பிரிவு 179-இன் கீழ் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். 15 வயதுக்குக் குறைந்த ஆண், 60 வயதைக் கடந்த ஆண், எந்த வயதுப் பெண்ணும், உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர், கடும் நோயில் இருப்பவர் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்கு நிலையத்துக்கு வரச்சொல்ல முடியாது; அவர்கள் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். தாமாக விரும்பிப் போனால் மட்டுமே விலக்கு. "அம்மாவை மட்டும் கொஞ்சம் அனுப்புங்க" என்று கேட்கும்போது, இந்தப் பிரிவைப் பணிவாகச் சொன்னாலே பேச்சின் தொனி மாறிவிடும்.

வழக்கு இருக்கிறது, ஆனால் கைது தேவையில்லை என்றால், 35(3) நோட்டீஸ். அதில் நாள், நேரம், இடம் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸ் முறையான சேர்ப்பிப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நோட்டீஸ் முறையாகக் கையில் வந்துவிட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். பெற்ற நாளும் நேரமும் எழுதிக் கையெழுத்திடுங்கள். சொன்ன நாளில் போங்கள். பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். நோட்டீஸை வாங்க மறுப்பதும், வாங்கிவிட்டுப் போகாமல் இருப்பதும், கைது செய்யாமல் இருக்கக் கட்டுப்பட்டிருந்த அதிகாரிக்குக் கைது செய்யக் காரணம் எடுத்துக் கொடுப்பதுபோல. ஒழுங்காகப் போய்வருபவரைக் கைது செய்ய வேண்டுமென்றால், ஏன் என்று அதிகாரி எழுதி வைத்தாக வேண்டும்.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது என்பது விதி அல்ல, காரணம் எழுதித்தான் செய்ய வேண்டும் என்பது 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் வந்த தீர்ப்பு. புதிய சட்டம் இன்னொரு பாதுகாப்பைச் சேர்த்திருக்கிறது: மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயதைத் தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ கைது செய்ய டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். இதைப் பெரும்பாலான குடும்பங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

பெண்ணைக் கைது செய்வதானால், சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கூடாது. மிக விதிவிலக்கான சூழலில் மட்டும், பெண் காவல் அதிகாரி எழுத்து மூலம் அறிக்கை கொடுத்து, நீதித்துறை நடுவரின் முன் அனுமதி பெற்றுச் செய்யலாம். இரவு எட்டு மணிக்கு வந்து நின்றால் கேட்க வேண்டியது அந்த அனுமதியைத்தான்.

18 வயது நிரம்பாதவர் என்றால் கணக்கே வேறு. லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பிறப்புச் சான்றிதழையோ பள்ளி மாற்றுச் சான்றிதழையோ உடனே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். "பார்த்தா இருபது வயசு மாதிரி இருக்கான்" என்பதற்கு அந்த ஒற்றைத் தாள்தான் பதில்.

முதல் ஒரு மணி நேரம்: நேரத்தைப் பதிவு செய்வது

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? காகிதத்தில் கைது என்று எழுதப்பட்ட நேரத்திலிருந்து அல்ல. ஒருவர் தன் விருப்பப்படி எழுந்து போக முடியாத நிலை வந்த நொடியிலிருந்து. ஆகவே ஆளைக் கூட்டிப்போன நேரத்தை, வேறு யாரும் திருத்த முடியாத ஓர் இடத்தில் உடனே பதிய வேண்டும்.

ஒரு காலத்தில் இதற்குத் தந்தி இருந்தது. ஆளைத் தூக்கிக்கொண்டு போன மறுநிமிடம் வீட்டுப் பெண்கள் தந்தி ஆபீசுக்கு ஓடுவார்கள். நடுவருக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, எஸ்பிக்கு ஒன்று. தந்தி ரசீதில் விழுந்த நேர முத்திரையை எந்த ரைட்டராலும் (நிலைய எழுத்தர்) மாற்ற முடியாது. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோனது. அதன் வேலையை இப்போது மின்னஞ்சலும் 112-உம் செய்கின்றன.

முதலில் 112-க்கு அழையுங்கள். அழைத்த நேரம் அவர்களிடம் பதிவாகும், உங்கள் செல்போனிலும் இருக்கும். "இன்ன முகவரியிலிருந்து இன்னாரை போலீஸ் என்று சொன்னவர்கள் கூட்டிப்போனார்கள், எந்த ஸ்டேஷன் என்று தெரியவில்லை" என்று மட்டும் சொன்னால் போதும். சண்டை வேண்டாம்.

அடுத்து மின்னஞ்சல். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அல்லது மாநகரக் காவல் ஆணையர், அந்தப் பகுதியின் நீதித்துறை நடுவர், தலைமை நீதித்துறை நடுவர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகிய எல்லோருக்கும் ஒரே கடிதம் போகலாம். முகவரிகள் காவல்துறை, மாவட்ட நீதிமன்ற இணையதளங்களில் கிடைக்கும். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி இருந்தால் போதும்:

"என் கணவர், வயது 34, இன்று வியாழன் இரவு 9.40 மணிக்கு எங்கள் வீட்டிலிருந்து சீருடை அணியாத மூவரால் வெள்ளை நிற வேனில் அழைத்துச் செல்லப்பட்டார். வேனின் பதிவெண் கீழே உள்ளது. எதற்காக என்று சொல்லப்படவில்லை. கைது குறிப்பாணை தரப்படவில்லை. அவர் எந்த நிலையத்தில் இருக்கிறார் என்பதைத் தெரிவிக்கவும், அரசமைப்புச் சட்டக் கூறு 22(2)-இன்படி நாளை இரவு 9.40 மணிக்குள் நடுவர் முன் நிறுத்தவும் வேண்டுகிறேன். இன்று இரவு 9 மணி முதலான நிலைய சிசிடிவி பதிவுகளை அழியாமல் பாதுகாக்கவும் வேண்டுகிறேன். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு; மாத்திரைச் சீட்டு இணைக்கப்பட்டுள்ளது."

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். நோய் விவரத்தை எழுதி அனுப்பியிருந்தால், "எங்களுக்குத் தெரியாது" என்ற பதில் பிறகு எடுபடாது. சிசிடிவி வரிக்கு இன்னும் கனமான காரணம் உண்டு. 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. ஆனால் பதிவுகள் அன்றாடம் தாமாகவே அழியும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கச் சென்ற நடுவரே உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வரை, எப்படியும் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவு இருக்கிறது என்பதற்காகப் பதிவு இருக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது. முன்கூட்டியே கேட்டு வைத்தால், பிறகு "அழிந்துவிட்டது" என்று சொல்வதற்கு அவர்கள் விளக்கம் கொடுத்தாக வேண்டும்.

மின்னஞ்சலில் கோபம் வேண்டாம், குற்றச்சாட்டு வேண்டாம், "அவர் நிரபராதி" என்ற வாதமும் வேண்டாம். நேரம், இடம், ஆட்கள், வண்டி. உங்களுக்குத் தெரியாததை ஊகித்து எழுதினால், ஒரு தவறான வரியைக் காட்டியே முழுக் கடிதத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். தெரு முனையில் டீக்கடையிலோ மருந்துக்கடையிலோ கேமரா இருக்கிறதா பாருங்கள். தனியார் கேமராக்களில் பழைய பதிவு சில நாளிலேயே மேலெழுதப்பட்டுவிடும், அன்றிரவே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நிலையத்தில்

தனியாகப் போகாதீர்கள்; இரண்டு பேர் போங்கள், பத்து பேர் போகாதீர்கள். கூட்டமாக நின்றால் "அரசுப் பணியைத் தடுத்தார்கள்" என்று புதிதாக ஒரு வழக்கு முளைக்க வாய்ப்பு இருக்கிறது.

கேட்க வேண்டியவர் ரைட்டர் அல்லது பொறுப்பில் இருக்கும் சார்பு ஆய்வாளர். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு நிலையத்திலும் கைதானவர்களின் விவரத்தைப் பராமரிக்க உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டிருக்க வேண்டும், கைதானவர்களின் பெயரும் முகவரியும் குற்றத்தின் தன்மையும் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது பிரிவு 37. அதைக் கேளுங்கள். "அப்படி யாரும் இங்க இல்லையே" என்றால், அதைச் சொன்னவரின் பெயர்ப் பட்டையில் உள்ள பெயரையும் நேரத்தையும் வெளியே வந்ததும் எழுதிக்கொள்ளுங்கள். இருந்தும் இல்லை என்று சொல்வது பின்னால் உங்களுக்குத்தான் பலம்.

ஆள் அங்கே இருந்தால், கேட்டு வாங்க வேண்டிய தாள் கைது குறிப்பாணை. பிரிவு 36-இன்படி அது கைதின்போதே தயாரிக்கப்பட வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள நபர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த 11 நெறிகளில் ஒன்று இப்படிச் சட்டமானது.

அந்தத் தாளை எப்படிப் படிப்பது? முதலில் நேரத்தைப் பாருங்கள், பிறகு இடத்தை. வியாழன் இரவு 9.40-க்கு வீட்டில் பிடித்தவரைப் பற்றி, "வெள்ளி காலை 10.30 மணிக்குப் பேருந்து நிலையம் அருகே சந்தேகத்துக்கு இடமான வகையில் நின்றிருந்தவரைப் பிடித்து விசாரித்தபோது" என்று எழுதியிருந்தால், இரவு முழுவதும் காணாமல் போயிருக்கிறது என்று பொருள். வாகனச் சோதனை, பேருந்து நிலையம், சுடுகாட்டுப் பக்கம் என்று இந்த இடங்கள் திரும்பத் திரும்ப வரும். சாட்சிக் கையெழுத்துக்கு உங்களைக் கூப்பிட்டால், "நான் இப்போது இத்தனை மணிக்கு இங்கே கையெழுத்திடுகிறேன்" என்று உங்கள் கையாலேயே தேதியும் நேரமும் சேர்த்து எழுதிக் கையெழுத்திடுங்கள். அப்படி எழுத விடவில்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டாம். மறுத்த காரணத்தை இன்னொரு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

குறிப்பாணை வேறு, கைதுக்கான காரணங்கள் எழுதிய தாள் வேறு. இரண்டாவதைத்தான் 2023 முதல் உச்ச நீதிமன்றம் இறுக்கிப் பிடித்து வருகிறது. பணமோசடித் தடுப்புச் சட்ட வழக்கில் தொடங்கிய இந்த வழி, 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் எல்லாக் கைதுகளுக்கும் பொதுவான அரசமைப்புக் கடமையாகச் சொல்லப்பட்டது. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், எந்தக் குற்றமானாலும் காரணங்களை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், கைதின்போதே தர முடியாமல் போனால் நடுவர் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்றது.

"சாட்சிகளைக் கலைப்பார், தலைமறைவாகிவிடுவார், விசாரணைக்குத் தேவை" என்பவை யாருக்கும் பொருந்தும் அச்சு வாசகங்கள். சட்டம் கேட்பது அதுவல்ல. இன்ன நாளில் இன்ன இடத்தில் இந்த மனிதர் செய்ததாகச் சொல்லப்படுவது என்ன, எந்தப் பிரிவு என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் செய்த கைதும் அதன்மேல் வந்த ரிமாண்டும் (காவலில் வைக்க நடுவர் போடும் உத்தரவு) சட்டவிரோதமாகும். ஆனால் வழக்கு அதோடு முடிந்துவிடாது. காரணங்களை முறையாகக் கொடுத்துவிட்டு மறுபடியும் காவலுக்குக் கேட்கலாம்.

கையெழுத்துகள் பற்றி

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் களைத்துப்போன நேரத்தில் போட்டுவிடுகிறார்கள். "இதுல ஒரு கையெழுத்து போட்டா வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லும் ஏட்டையா கெட்டவராகவும் இருக்க வேண்டியதில்லை. விசாரணையில் காவல் அதிகாரி எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்திட வேண்டியதில்லை என்பது பிரிவு 181.

ஒப்புதல் வாக்குமூலத்தைப் பற்றிப் பயம் அதிகம். கிராம நிர்வாக அலுவலரைச் சாட்சியாக வைத்து எழுதப்பட்டிருந்தாலும், காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது. சாட்சியச் சட்டத்தின் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தில் அது பிரிவு 23. அந்த வாக்குமூலத்தை வைத்துப் பொருள் ஏதேனும் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்புக்கு நேரடியாகக் காரணமான பகுதி மட்டும் உள்ளே வரும். எனவே "நான்தான் செய்தேன்" என்று அடித்து வாங்கிய வரியைவிட, "அந்த இடத்தைக் காட்டுகிறேன்" என்ற வரிதான் ஆபத்து. தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது கூறு 20(3). பெயர், முகவரி சொல்லுங்கள். சம்பவம் பற்றி "வக்கீலோட பேசிட்டுச் சொல்றேன் சார்" என்று சொல்ல உரிமை உண்டு. விசாரணை முழுவதும் வக்கீல் பக்கத்திலேயே உட்கார முடியாது. விசாரணையின்போது அவரைச் சந்திக்கலாம் என்பது பிரிவு 38.

செல்போன், பணம், சங்கிலி, வண்டி எதைப் பறிமுதல் செய்தாலும் மகஜரில் (பறிமுதல் பட்டியலில்) ஏற வேண்டும், ரசீது தர வேண்டும். செல்போனின் ஐஎம்இஐ எண் மகஜரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதே நிறம், அதே கம்பெனி என்று எந்தப் போனையும் காட்ட முடியும். சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்பது பிரிவு 105. பதிவு செய்தார்களா என்று கேட்டு வையுங்கள்.

உடம்பு

கைதானதும் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். பெண் என்றால் பெண் மருத்துவரோ பெண் மருத்துவரின் மேற்பார்வையிலோ. அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் நபருக்கோ தரப்பட வேண்டும் என்று பிரிவு 53 சொல்கிறது. இங்கே ஓட்டை எது என்றால், மருத்துவர் முன் காவலர் நின்றுகொண்டிருப்பதுதான். "ஏதாவது அடி பட்டிருக்கா?" என்ற கேள்விக்கு அவர் முன்னால் "இல்லை" என்றுதான் பதில் வரும். வாய்ப்புக் கிடைத்தால் கைதானவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: காவலரை வெளியே நிற்கச் சொல்லும்படி மருத்துவரிடமே கேட்கலாம். எந்தக் காயம், உடலின் எந்த இடத்தில், எப்போது ஏற்பட்டது என்று மருத்துவர் எழுதுவதுதான் பிறகு பேசும்.

கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்ற கதையும், மாவுக்கட்டோடு ஆட்கள் நீதிமன்றத்துக்கு வரும் படமும் தமிழ்நாட்டில் சிரிப்புப் பொருளாகிவிட்டன. சிரிப்பதற்கு இல்லை. நிலையத்துக்குள் போகும்போது கை நன்றாக இருந்தது என்பதற்கு வாசல் கேமராவோ, அன்று காலை எடுத்த படமோ இருந்தால், அந்தக் கழிவறைக் கதை அங்கேயே நின்றுபோகும்.

நடுவர் முன்

ரிமாண்ட் என்பது பல இடங்களில் ஐந்து நிமிட வேலையாக நடக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் பேச வேண்டியவர் கைதானவரே. மூன்று சேதிகளை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கச் சொல்லுங்கள்:

"ஐயா, என்னை வியாழக்கிழமை ராத்திரி 9.40-க்கு வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். ஏன் கைது என்று எழுத்தில் எதுவும் தரவில்லை. இடது முழங்காலில் அடித்தார்கள், பார்க்கலாம்."

நடுவர் அதைப் பதிந்துகொள்ள வேண்டும். காயத்தைச் சொன்னால் பரிசோதனைக்கு அனுப்பலாம். போலீஸ் காவல் கேட்டால் முதல் தடவை ஆளை நேரில் பார்க்காமல் அனுமதிக்க முடியாது, காணொளி செல்லாது. வக்கீல் இல்லையென்றால், "எனக்கு வக்கீல் இல்லை" என்று சொன்னால் போதும். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. இது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பிரிவு 12. நீதிமன்றங்களில் ரிமாண்டுக்கு என்றே சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல்கள் இருப்பார்கள். 15100 என்ற எண்ணுக்குக் குடும்பத்தார் முன்கூட்டியே அழைத்துச் சொல்லிவிடலாம்.

ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் நீதிமன்றம் வரை போகவே தேவையில்லை. நிலையத்திலேயே ஜாமீன் தர வேண்டும், அது சலுகை அல்ல. ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாதவரை ஏழை என்று எடுத்துக்கொண்டு அவருடைய சொந்தப் பிணையிலேயே விட வேண்டும் என்று பிரிவு 478-இன் விளக்கம் சொல்கிறது. எஃப்ஐஆரில் உள்ள பிரிவு எந்த வகை என்று பார்க்காமல், "ஜாமீனுக்கு இவ்வளவு செலவாகும்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

24 மணி நேரம் கடந்தும் நிறுத்தவில்லை என்றால்

ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் மனு. சென்னை உயர் நீதிமன்றத்திலோ, கன்னியாகுமரியிலிருந்து திருச்சி, தஞ்சாவூர் வரையிலான மாவட்டங்களுக்கு மதுரைக் கிளையிலோ, கூறு 226-இன் கீழ். மனைவி, தாய், தந்தை, நண்பர் என யார் வேண்டுமானாலும் போடலாம். வக்கீல் உங்களிடம் கேட்கப்போவது முதல் ஒரு மணி நேரத்தில் சேர்த்தவற்றைத்தான்: மின்னஞ்சல் நகல், 112 அழைப்பு நேரம், வண்டி எண், நிலையத்தில் "இல்லை" என்று சொன்னவர் பெயர்.

இதில் தாமதம் செய்தால் வாய்ப்பே போய்விடும். மனு விசாரணைக்கு வருவதற்குள் ஆளை நடுவர் முன் நிறுத்தி ரிமாண்ட் வாங்கிவிட்டால், பெரும்பாலும் ஆட்கொணர்வு மனு நிற்காது. ரிமாண்ட் உத்தரவே இயந்திரத்தனமாகவோ அதிகாரம் இல்லாமலோ போடப்பட்டது என்று காட்ட வேண்டியிருக்கும். 2023-இல் தமிழ்நாட்டு அமைச்சர் ஒருவரின் கைது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஆனால் மனு போட்ட மறுநாளே ஆள் நடுவர் முன் வந்துவிட்டால் அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். மனுவின் வேலை அதுதான்.

இன்னொரு கருவி தகவல் உரிமைச் சட்டம். உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலை 30 நாளில் அல்ல, 48 மணி நேரத்தில் தர வேண்டும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இது ஒருவரின் சுதந்திரம் தொடர்பானது, பிரிவு 7(1)" என்று முதல் வரியிலேயே எழுதி நிலைய நாட்குறிப்பு, சிசிடிவி பதிவு ஆகியவற்றைக் கேட்கலாம். மறுத்தாலும் அந்த மறுப்பு ஓர் ஆவணம். மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்கச் சம்பவ நாளிலிருந்து ஓராண்டு வரைதான் நேரம்.

குண்டர் சட்டம் என்றால்

1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14, முன்தடுப்புக் காவல், அதாவது இனிமேல் குற்றம் செய்யாமல் தடுக்கவென்று முன்கூட்டியே அடைத்து வைப்பது. இங்கே 24 மணி நேர விதி பொருந்தாது. கூறு 22 அதை வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. ஓராண்டு வரை ஜாமீன் இல்லாமல் வைக்கலாம். கூறு 21-உம் 22-உம் எதைத் தடுக்கின்றன என்ற விவாதமே முன்தடுப்புக் காவலில்தான் தொடங்கியது: 1950-இல் சென்னை மாகாணத்தில் சிறையிலிருந்த ஏ.கே. கோபாலன் போட்ட வழக்கு.

ஆனாலும் இங்கும் கெடுக்கள் உண்டு. காவல் ஆணைக்கான காரணங்களை ஐந்து நாளுக்குள் தர வேண்டும். அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்தில் அறிவுரைக் குழுமத்தின் முன் வைக்க வேண்டும். காவலில் வைத்த நாளிலிருந்து ஏழு வாரத்தில் குழுமம் அறிக்கை தர வேண்டும். குடும்பம் செய்ய வேண்டியது: ஆணையோடு கொடுத்த தாள் கட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பது. எந்தப் பக்கம் படிக்க முடியாமல் மங்கியிருக்கிறது, எந்த ஆவணம் தமிழில் மொழிபெயர்க்கப்படவில்லை என்று குறித்து வையுங்கள். பிறகு அரசுக்கு ஒரு முறையீடு அனுப்பி, அனுப்பிய நாள், கிடைத்த நாள், நிராகரித்த நாள் மூன்றையும் வரிசையாக எழுதி வையுங்கள். முறையீட்டைக் கவனிக்க இடையில் விளக்கமில்லாமல் நழுவிய நாட்களும், படிக்க முடியாத நகல்களும்தான் உயர் நீதிமன்றத்தில் பல குண்டர் ஆணைகளை ரத்து செய்ய வைத்திருக்கின்றன. "அவன் நல்லவன்" என்ற வாதம் அங்கே எடுபட்டதைவிட இந்தத் தேதிக் கணக்கு எடுபட்டதே அதிகம்.

சிறைக்குப் போன பிறகும் எண்ண வேண்டிய நாட்கள்

சாதாரண வழக்கில், மரண தண்டனை, ஆயுள் அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றமென்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடுகிறது, குற்றத்தின் கனத்தை யாரும் பார்க்க முடியாது. போதைப்பொருள் வழக்குகளிலும் உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்குகளிலும் கணக்கு 180 நாள் வரை நீளலாம்.

எண்ணும்போது ரிமாண்ட் செய்த நாளையும் சேர்க்க வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மார்ச் 1 ரிமாண்ட் என்றால் ஏப்ரல் 29-இல் 60 நாள் முடிகிறது. ஏப்ரல் 30 காலையில் உரிமை பிறக்கிறது. ஆனால் உரிமை தானாக வந்து கதவைத் திறக்காது, கேட்டு மனுப் போட வேண்டும், அதுவும் குற்றப்பத்திரிகைக்கு முன்பாக. அன்று பிற்பகல் போடலாம் என்று வக்கீல் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மனு எண் இரண்டு மணிக்கு விழுந்து, குற்றப்பத்திரிகை ஒரு மணிக்கே தாக்கலாகியிருந்தால் 60 நாளும் வீண். மனுவை 29-ஆம் தேதி இரவே தட்டச்சு செய்து, வக்காலத்தில் சிறைக் கண்காணிப்பாளர் வழியாக வாங்கிய கையெழுத்தோடு தயாராக வைத்து, 30-ஆம் தேதி நீதிமன்றம் திறக்கும் நேரத்தில் கொடுத்து, நேரம் போட்ட ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள்.